டிக் போட்ட வண்டி

ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தார் மெக்கானிக். கொட்டகைக்கு வெளியே ஓட்டுநர்கள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் எஞ்சினைக் கேட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னாலிருந்த சின்ன மேட்டில் வண்டியை ஒருதரம் முறுக்கி ஏற்றிப் பார்ப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து முன் மட்கார்டில் ஒரு டிக் போடுவார். டிக் இல்லாத வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். பதினெட்டு வருஷமாக அங்கே அதுதான் சட்டம். அவருக்குப் பெயரே காதுக்காரர் என்று ஆகிவிட்டது.

பைக் மாதிரி ஹேண்டிலும் நாலு கொழுத்த டயர்களும் உள்ள ஏடிவி வண்டிகள் அவை. பின்னால் ஒரு சுற்றுலாப் பயணியை உட்காரவைத்து, எதிரே கிடக்கிற பெரிய மணல்மேட்டில் ஏற்றி இறக்குவது தொழில். ஓட்டுநர்களில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. அக்காவிடம் அழுது புரண்டு, மாமாவை நச்சரித்து இந்த வேலையில் சேர்ந்தவன்.

"என்ன மாமா, எஞ்சின் ரகசியம் சொல்லுதா? எங்க அக்காவப் பத்தியா?"

"உன்னப் பத்திதான்டா. ஓவரா முறுக்குறானாம், வலிக்குதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் கேட்டதில் பாதியை அவன் உதட்டைப் பார்த்துத்தான் அவர் பிடித்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

காது ஒரேயடியாகப் போகவில்லை. இத்தனை வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கிடந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முதலில் போயின. காலிங்பெல் போனது. அலாரம் போனது. வண்டியின் உறுமல் மட்டும் கேட்டது. மீதியைக் கையில் தட்டுப்படும் அதிர்வை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மனைவி ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும்.

"முதலாளிகிட்ட சொல்லிடுங்களேன். வேற வேலையாவது குடுப்பாரு."

"காதுக்காரனுக்குக் காது போச்சுன்னா அப்புறம் அங்க எனக்கு என்னடி வேலை?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆறு மாதத்துக்கு முன் புது வண்டிகள் ஒன்பது வந்து இறங்கின. அன்றைக்கே முதலாளியிடம் அவர் தெளிவாகச் சொன்னார்: "இதுல கம்ப்ரஷன் ஜாஸ்தி முதலாளி. ஆக்டேன் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இருக்கிற பெட்ரோல ஊத்தவே கூடாது. சாதா பெட்ரோல் அந்த அமுக்கத்தத் தாங்காது, உள்ள தானா வெடிக்கும். டப்பாவுல கோலிகுண்டு குலுக்குற மாதிரி சத்தம் வரும். அத விட்டா பிஸ்டன் ஓட்டையாயிடும்."

முதலாளி தலையாட்டினார். காதுக்காரர் ஒரு கேனுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, விலை கூடின பெட்ரோலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தார். புது வண்டிகளுக்கு அந்தக் கேன்தான். ஓட்டுநர்களுக்கும் அந்தக் கோலிகுண்டுச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். மச்சினன் வாரக்கணக்கில் அதை அப்படியே செய்துகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கொட்டகையில் எல்லோரும் அப்படிச் சிரித்த அன்றைக்கே மத்தியானம், மச்சினன் டிக் போட்ட ஒரு புது வண்டியில் ஒரு பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினான். முக்கால் உயரத்தில் எஞ்சின் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தும் நிற்காமல் வண்டி மணலோடு பின்னால் சரிந்தது. அந்தப் பெண்ணைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டான். தான் குதிக்க நேரமில்லை. வண்டி அவன்மேல் புரண்டு, இன்னொரு தரமும் புரண்டது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு காதுக்காரர் அந்த எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஸ்பார்க் ப்ளக்கில் உருகின அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. சிவப்புக் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் வாங்கிவருகிறவரிடம் போனார்.

"இதுல என்ன ஊத்துன?"

கேன்காரர் முழித்தார். "பத்து நாளா சாதா பெட்ரோல்தாங்க. முதலாளிதான் வாங்கச் சொன்னாரு. வண்டிக்கு ஒத்துக்கலைன்னா நீங்க சத்தத்துலயே கண்டுபிடிச்சிருப்பீங்களேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

காதுக்காரர் போய்க் கேட்டபோது முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஆமா, மாத்தச் சொன்னேன். பத்து நாளும் நீதான டிக் போட்ட? கெடுதல்னா அன்னிக்கே சொல்லிருக்கணுமா இல்லயா?"

காதுக்காரர் வாயைத் திறந்தார். பதில் சொல்ல வேண்டுமென்றால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மச்சினனின் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகப் படிந்திருந்தது. மனைவி தம்பியின் தலைமாட்டில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் உதடு அசைந்தது. காதுக்காரர் குனிந்து, காதை அவன் வாயோடு ஒட்டிவைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னங்க, அவன் சொல்றது கேக்கலையா?" என்றாள் மனைவி. அவர் இல்லை என்று தலையை அசைத்தார். அவள் தம்பி சொன்னதை உரக்கத் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

"மேட்டுல ஏறுறப்ப அந்தச் சத்தம் கேட்டுச்சாம். கோலிகுண்டுச் சத்தம். இறங்கிடலாம்னுதான் நெனச்சானாம். அப்புறம் உங்க டிக்கப் பாத்தானாம். மாமா கேக்காத சத்தமா நமக்குக் கேட்டுடப் போகுதுன்னு... ஏத்திட்டானாம்."

அவள் அதற்குப் பிறகு புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மச்சினன் கையை நீட்டி அவர் சட்டை நுனியைத் தொட்டான். அவன் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அடுத்த நாள் காலையில் மீதி எட்டுப் புது வண்டிகளும் கொட்டகையில் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் வெளியே காத்திருந்தார்கள். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. நேராக எல்லோர் முன்னாலும் வந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்கல. மறைச்சுட்டேன். என் டிக்க நம்பாதீங்க. சிவப்புக் கேன்ல இருக்கிறதும் சாதா பெட்ரோல். இதோட மேட்டுல ஏறாதீங்க."

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "கேட்டீங்களாய்யா? செவிட்ட வேலைக்கு வச்சிருந்ததுதான் நான் பண்ணின தப்பு. உன்னாலதான்யா அந்தப் பையனுக்குக் கால் போச்சு. கெளம்பு."

அதை மட்டும் முதலாளியின் உதட்டிலிருந்து அவர் ஒரு எழுத்து விடாமல் படித்தார். சாக்பீஸைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நடந்தார். கேட்டுக்கு வந்ததும் எதற்கோ திரும்பிப் பார்த்தார்.

கேன்காரர் சிவப்புக் கேனைச் சாய்த்து ஒவ்வொரு டேங்காக நிரப்பிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னாலேயே முதலாளி, அந்தச் சாக்பீஸால் மட்கார்டு மட்கார்டாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு எஞ்சினைக்கூட இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்திருக்கவில்லை. ஓட்டுநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஹெல்மெட்டை மாட்டினார்கள்.