மானிடவியல் சங்கத்தின் ஒரே உறுப்பினர்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று மாதமாகியும் பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் கிடைக்கவில்லை. அதனால்தான் மானிடவியல் மாணவர் சங்கத்தில் சேரப் போனேன். அறையில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்ததுமே ஏழு பேரும் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்கள்.

"என்னண்ணே எழுதுறீங்க?" என்று பக்கத்திலிருந்த தாடிக்காரரிடம் கேட்டேன்.

"என் ஆய்வே இந்தச் சங்கத்தைப் பத்திதான் தம்பி. உறுப்பினர் மாதிரி உள்ள இருந்து கவனிக்கிறேன்."

"நானும்தான்" என்றார் கண்ணாடி போட்ட அக்கா. மற்ற ஐவரும் அசடு வழியத் தலையாட்டினார்கள்.

"அப்ப நிஜ உறுப்பினர் யாரு?"

ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"நீ எதுக்குப்பா வந்தே?" என்றார் அக்கா.

"பேச ஆளில்லக்கா."

"நிஜமாவே சேர வந்திருக்கான்யா" என்று தாடிக்காரர் தழுதழுத்தார். அங்கேயே என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

அக்கா பேனாவை எடுத்தார். "மத்தியானம் யாரோட சாப்பிடுவே?"

"தனியாத்தான்."

அதை எழுதப் போனவர் நோட்டை மூடினார். "நாளையிலிருந்து என்னோட வா."

"கவனிக்க வந்தவங்க தலையிடக் கூடாதும்மா. ஆய்வு கெட்டுப்போயிடும்" என்றார் தாடிக்காரர்.

"கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்ண்ணே. பிள்ளை தனியா சாப்பிடுறான்."