பலாலிக்கு ஒரு புரொசசர்

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. பதுளைக் கடைத்தெருவில் றிஸாத்தின் கணினிக் கடையில் என் பிரிண்டரைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். "ஒரு மிஸ் பிளேன் ஓட்டுறதுக்குப் புரொசசர் தேடிக் குடுத்தேன்" என்று அவர் பேச்சைத் தொடங்கினார். பிரிண்டர் சீக்கிரம் சரியாகிவிட்டது. கதை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. மீதியை நான் எழுதுகிறேன். எது பாதி, எது மீதி என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது கலந்துவிட்டது.

முதல் தொடக்கம்: பதுளையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நிருபன் சிறிய பெட்டி ஒன்றை மழைக்கோட்டுக்குள்

வேண்டாம். மழையில் தொடங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நினைப்பீர்கள். இதில் யாரும் சாகவில்லை.

இரண்டாவது தொடக்கம்: நிருபன் தன் மனைவிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கினான்.

இது போதும்.

2

நடந்தது 2007இல். நிருபனுக்குப் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர் வேலை. பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், அவன் பிறந்தது, படித்தது எல்லாம் பதுளையில். மனைவி லக்ஷிகா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். முந்தைய வருடம் கொழும்பில் வைத்துக் கல்யாணம் நடந்தது. புதுமாப்பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய் வீட்டைக் காட்ட நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். "இப்ப வராதேங்கோ பிள்ளை. வந்தால் திரும்பிப் போறது நிச்சயமில்லை" என்றார் லக்ஷிகாவின் தாய் தொலைபேசியில்.

அவளுடைய வீட்டை நிருபன் அதுவரை பார்த்ததில்லை.

அவனிடம் பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னாள் லக்ஷிகா. விடுமுறை நாட்களில் கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து கிளம்பி வடக்கே பறப்பாள். கடல் வரைக்கும் தொல்லையில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து திரும்பும்போது படம் திக்கும். அப்படியே உறைந்து நிற்கும். பிறகு ஒரே தாவலாகத் தாவும். தாவி முடியும்போது விமானம் கடலுக்குள் கிடக்கும்.

(கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், "கணித ஆசிரியை விளையாடுவது நம்பும்படி இல்லை. நிருபன் விளையாடட்டும், அவள் தேநீர் கொண்டுவரட்டும்" என்றார். இந்த வீட்டில் தேநீர் போடுவது நிருபன்தான். மாற்றுவதாக இல்லை.)

3

அதனால்தான் அந்தக் கார்ட். றிஸாத்திடம் போய், "கேம் திக்குது" என்று மட்டும் சொன்னான் நிருபன். றிஸாத் புதிய கார்டைக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து தானே கணினிக்குள் பூட்டினான். கடல் மினுங்கியது. முகில்களுக்கு நிழல் வந்தது.

"நல்லா இருக்கப்பா. கடல் எவ்வளவு வடிவாக் கிடக்கு" என்றாள் அவள்.

அடுத்த நிமிடம் விமானம் அந்த வடிவான கடலுக்குள் விழுந்தது. இருவரும் அதைக் காணாதவர்கள்போல் எழுந்து சாப்பிடப் போனார்கள். சில நாட்கள் இப்படியே போயின. ஒவ்வொரு முறையும் அவள் கடலைப் புகழ்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவன் வெளியே போய்த் திரும்பியபோது, திரையில் எல்லாம் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"என்ன செய்யிறீர்?"

"கோவிக்கக் கூடாது. படத்தின்ர தரத்தைக் குறைச்சுப் பாத்தன். அப்பிடிச் செய்தால் கார்டுக்கு வேலை குறைவு. ஆனா திக்கிறது குறையேல்லை. அப்ப பிழை கார்டில இல்லை."

"புரொசசரோ?"

"ஓம். காத்து, எஞ்சின், இறக்கை எல்லாத்தையும் அதுதானே கணக்குப் பாக்க வேணும். அது முடிச்சுக் குடுத்தால்தானே கார்ட் படத்தைக் கீறும். இப்ப கார்ட் சும்மா காத்துக்கொண்டு இருக்குது."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஆசையா வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்."

இந்த இடத்தில், கார்டும் புரொசசரும் கணவனும் மனைவியும் போல என்று ஒரு பத்தி எழு

அடித்துவிட்டேன். அவர்கள் இரண்டு மனிதர்கள். அப்படியே இருக்கட்டும்.

4

கணினிப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனது முருகையாவின் ஆட்டோவில். "மடியில வச்சுக்கங்க சார். ரோடு பூரா குழி" என்று சொல்லி, அவரும் மெதுவாகவே ஓட்டினார்.

றிஸாத் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "சண்டை கேம்னு நெனச்சித்தான் சேர் கார்டைக் குடுத்தேன். பிளேன் கேம்னா மொதல்ல புரொசசரைத்தான் பாத்தீப்பேன்."

"புதுசா ஒண்டு போடலாமே."

"புது புரொசசர் இந்த போர்டுல ஏறாது. போர்டை மாத்தினா, நீங்க வாங்கின கார்டைச் சொருவ எடமில்ல. பழைய சாதியிலயே வேகமான ஒண்டு தேடணும். இந்த கார்டுக்கு அது காணும், அதுக்கு மேல வாணாம். ஆனா பதுளையில கெடைக்காது."

நிருபன் பெட்டியைப் பார்த்தபடி நின்றான்.

"யாருக்கு சேர் இது? உங்களுக்கா?"

"இல்லை, எங்கட வீட்டு மிஸ்ஸுக்கு. பலாலிக்கு ஓட்டுறா. ஊர் அங்க. இப்ப போக ஏலாதுதானே."

றிஸாத் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தார். "மச்சான், அந்த பழைய ஒபிஸ் கம்பியூட்டரைக் கழட்டாம வை. அதுல உள்ள புரொசசர் வேணும். நானே வாரேன்."

(இந்த மௌனத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை. "நானே போனேன்" என்றுதான் சொன்னார். கடையை மூடிவிட்டு ஒருவர் பண்டாரவளைக்கு பஸ் ஏறுகிறார் என்றால், அதற்கு முன்னால் ஒரு மௌனம் இருந்திருக்க வேண்டும்.)

5

அடுத்த ஞாயிறு காலை. நிருபன் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கடல் போனது. கரை வந்தது. விமானம் தாழ்ந்து திரும்பியது. திக்கவில்லை. தரை சீராக அவர்களுக்குக் கீழே நகர்ந்தது.

அவள் இறக்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டித் தெற்கே போனாள்.

"எங்க போறீர்?"

"பொறுங்கோ."

விளையாட்டைச் செய்தவர்களுக்குச் சுன்னாகம் தெரியாது. பனை இல்லை, வீடு இல்லை. ஏதோ குளிர்தேசத்து மரங்களை நட்டிருந்தார்கள். லக்ஷிகா திரையில் விரலை வைத்தாள்.

"இதில சந்தி. இதால திரும்பினா எங்கட ஒழுங்கை. இந்தப் பச்சைக்குள்ளதான் வீடு."

வெறும் பச்சைதான் தெரிந்தது. நிருபன் முன்னால் குனிந்து பார்த்தான்.

"வீட்டுக் கேற் என்ன நிறம்?"

"நீலம். அம்மா மாத்தினாவோ தெரியாது."

"கிணறு?"

"பின்பக்கம். வாழையளுக்குப் பக்கத்தில."

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் சொல்லச் சொல்ல விமானம் அந்தப் பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

6

முடிவாக, முதலில் அவளைப் பலாலியில் இறக்கினேன். இறங்கிய விமானம் ஓடுபாதையில் நின்றது. அந்த விளையாட்டில் கதவைத் திறந்து நடந்துபோக வழியில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை; கிழித்தேன்.

அடுத்து, பாதை திறக்கிறது என்று எழுதினேன். அது திறந்தது உண்மைதான், ஆனால் பின்னால் வந்த வருடங்களில். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு அது தெரியாது. தெரியாதவர்களிடம் அதைக் கொடுக்க முடியாது.

றிஸாத்தைக் கேட்டேன். "வேலை செய்யுதுன்னு அந்த மிஸ்ஸே கோல் எடுத்துச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

ஆகவே எனக்குத் தெரிந்த கடைசிப் பேச்சு, நானே எழுதியதுதான்:

"எண்ணெய் முடியப்போகுது. இறக்குவமே?" என்றான் நிருபன்.

"இன்னும் ஒரு சுத்து. உங்களுக்கு நான் கோயிலைக் காட்டேல்லை."

நான் இதோடு எழுந்துகொள்கிறேன். இறக்குவதென்றால் நீங்கள் இறக்குங்கள். அவள் கோயிலைக் காட்டி முடிக்கும்வரை மட்டும் பொறுங்கள்.