இரண்டு கரண்டி மீனெண்ணெய்

"வாயைத் தெறப்பா," என்றாள் பிச்சையம்மாள். முப்பத்திரண்டு வயது மகன் பெரியகருப்பன் வாயைத் திறந்தான். அவன் மனைவி அழகிக்கு டாக்டரம்மா கொடுத்த மீனெண்ணெயில் இரண்டு கரண்டி அவன் தொண்டைக்குள் இறங்கியது.

"அயித்த, அது என் மருந்து," என்றாள் அழகி.

"பஸ்ஸுல நாளெல்லாம் நின்னுக்கிட்டே டிக்கெட்டுக் கிழிக்கிறவன்டி. ஒடம்புல தெம்பு வேணாமா? வயித்துவலி பொம்பளைக்கு வாரதுதானே. நாங்கல்லாம் சீசாவா குடிச்சோம்?"

அழகிக்கு வந்தது அப்படிப்பட்ட வலியல்ல. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாகி மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கும் மூன்று நாளும் சாக்கைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். பொறுக்கமுடியாமல் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே நடந்து போனாள். கர்ப்பப்பைக்குள் வளரவேண்டிய சதை வெளியேயும் வளர்ந்திருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. "இதுல கொணமாயிரும்னு சொல்ல மாட்டேம்மா. வலி கொறைஞ்சாலும் கொறையும். ரெண்டு மாசம் விடாமக் குடிச்சுப் பாரு," என்று இரண்டு சீசா கொடுத்தாள்.

முதல் சீசாவில் அழகி குடித்தது நாலே நாள். ஐந்தாம் நாள், அது தெம்புக்கு நல்லது என்று பிச்சையம்மாளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பெரியகருப்பன் கன்னம் பளபளத்தது. காலிச் சீசாவைக் கழுவி விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தாள் பிச்சையம்மாள். எதையும் வீணாக்க அவளுக்குப் பிடிக்காது.

இரண்டாவது சீசாவைத் திறக்கவேண்டிய அன்று காலை, அடுப்பு மூட்டும்போது அழகிக்கு அடிவயிறு சுருக்கென்றது. தூரமானது தெரிந்துவிட்டால் எதையும் தொடாமல் கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும். அழகி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். மாடத்திலிருந்த சீசாவை எடுத்துத் திறந்து, எண்ணெயில் விரலை முக்கினாள். பிறகுதான் குரல் கொடுத்தாள்.

"அயித்த, நான் தூரம்."

பிச்சையம்மாள் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! தீட்டோட தொட்டுட்டியேடி!"

காரணம் தெரியாத பெரியகருப்பன் வழக்கம்போல் வந்து கையை நீட்டினான்.

"தொடாதடா! இனி அது வீட்டுக்குள்ள ஆகாது!"

நீட்டிய கை மடங்கியது.

"அப்ப கொட்டகையிலயே இருக்கட்டும் அயித்த," என்றாள் அழகி.

பசுவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் குடித்தாள். குமட்டியது. அன்று வலி குறையவில்லை. ஆனாலும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பொருள் இருந்தது அன்றுதான். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

நான்காம் நாள் தலைமுழுகி வீட்டுக்குள் போனாள். சீசாவைக் கொட்டகையிலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுப் போனாள். பூட்டு தேவைப்படவில்லை.