இந்த வட்டு இங்கே ஓடாது

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. பச்சை விளக்கு எரிந்தும் நகராமல் நாற்சந்தியில் நின்றுவிட்ட ஒரு பயிற்சிக் காரில் கிடைத்தது. ஸ்டியரிங்கில் நான். பக்கத்து இருக்கையில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கிளட்ச் அக்கா. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. "அடிக்கிறவங்க அடிக்கட்டும், நீங்க பதறாதீங்க. எங்க வீட்லயும் இப்படித்தான், ஒரு டிவிடி நகருவேனாங்குது" என்றார் அவர். வண்டி ஒருவழியாகக் கிளம்பியது. கதையும் கிளம்பியது.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி:

மனிதன் நிலத்தைக் கூறுபோட்டான், கடலைக் கூறுபோட்டான், கடைசியில் உள்ளங்கை அகலத் தகட்டையும்

[நிறுத்திவிட்டேன். இந்த வரி மேடையேறி மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறது.]

இரண்டாவது வரி: அந்த வீட்டில் ஒரு டிவிடி பிளேயர் இருந்தது.

[இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன?]

ஆகவே பிளேயரைப் பிறகு பார்க்கலாம். பேசாமல் இருந்த இரண்டு பெண்களிடமிருந்து தொடங்குகிறேன்.

2

கிளட்ச் அக்காவின் ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். கூடவே மாமியாரும். மகளைப் பார்க்க அக்கா போனபோது விமான நிலையத்துக்குக் கார் ஓட்டி வந்தவர் அந்தச் சம்பந்தியம்மாதான். அக்காவைப் பின் இருக்கையில் உட்காரவைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முன்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"கண்ணாடியப் பாருங்க சம்பந்தி."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"சிக்னல் போடாம திரும்புறீங்களே சம்பந்தி."

சம்பந்தியம்மா வண்டியை ஓரங்கட்டினார். "நீங்க பொண்ணு குடுத்தீங்க, சரி. லைசென்ஸ் நீங்களா குடுத்தீங்க?"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் இவர்கள் இருவர்தான். இவர் கூடத்துக்கு வந்தால் அவர் சமையலறைக்குப் போவார். மகள் தனியே வந்து கெஞ்சினாள். "அம்மா, நீ பாட்டுக்கு ஊருக்குப் போயிடுவ. இந்த மௌனத்தோட நான்தானே குடித்தனம் பண்ணணும்?"

பொழுது போகாமல் அக்கா பழைய பொருள் கடையொன்றில் டிவிடி வட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினார். துப்பறியும் தொடர். பனி கொட்டும் ஓர் ஊரில் கலங்கரை விளக்கத்துக் காவலாளி செத்துக் கிடக்கிறான். கொன்றது யார்? அதில் பேசும் மொழி இரண்டு சம்பந்திகளுக்குமே தெரியாது. திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். சம்பந்தியம்மா முதல் நாள் கதவோரம் நின்றார். மறுநாள் நாற்காலி நுனிக்கு வந்தார். ஆனால் அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

"என்னவாம் அவனுக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அக்காவும் சுவருக்கே பதில் சொன்னார். "அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைங்கறான்."

"புளுகுறான். அவன் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தால், ஆமாம், புளுகு முகம்தான். அன்றிலிருந்து இவர் எழுத்தைப் படித்தார், அவர் முகங்களைப் படித்தார். எதிரும் புதிருமாக இருந்தவர்கள் நகமும் சதையுமானார்கள். மகள் வேலையிலிருந்து வந்தால் சாப்பாடு தயாராக இருக்காது, அவ்வளவுதான் குறை.

ஒரே ஒரு வட்டு மிச்சமிருக்கையில் அக்கா ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. "நீங்க எடுத்துட்டுப் போங்க சம்பந்தி. நான் இங்க லைப்ரரில வாங்கிப் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை போன் போடுங்க, பேசுவோம்" என்றார் சம்பந்தியம்மா.

[முந்தின நாளே அதையும் பார்த்து முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பெட்டி கட்டுறது யாரு, உங்க கதையா கட்டும்?" என்றார் அக்கா.]

3

இப்போது பிளேயர்.

வீட்டுக்கு வந்த கையோடு அக்கா வட்டைப் போட்டார். உள்ளே போனது, இரண்டு சுற்று சுற்றியது, திரையில் ஒரு வாசகம் வந்தது. இந்த வட்டு உங்கள் பகுதிக்கு உரியதல்ல. விற்பவர்கள் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் வாங்கியது இன்னொரு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாது. அவர் கணவருக்கும் தெரியாது. ஆனால் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

"பதினாலு மாடிக்கு ஆளை ஏத்தி இறக்குறவன் நான். இந்தத் தட்டைச் சுத்த வைக்க மாட்டேனா?"

இந்த மனிதரிடம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். கதைக்குச் சிரிப்பு வேண்டுமென்று நானே செய்த பொம்மைபோல இருந்தார். முதல் பிரதியில் அவர் பிளேயரைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மூன்று திருகாணிகள் மிஞ்சுகின்றன. அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"மூணெல்லாம் இல்ல. ஒண்ணுதான் மிஞ்சுச்சு. அந்த மனுஷனை ரொம்ப மட்டம் தட்டாதீங்க."

ஒன்று என்று திருத்திவிட்டேன்.* பிளேயர் அதே வாசகத்தைத்தான் காட்டியது, இந்த முறை லேசான நடுக்கத்தோடு.

(* பிற்பாடு அலமாரியின் அடியில் இன்னொன்று கிடைத்ததாம். சொல்ல வேண்டாமென்று அக்கா கேட்டுக்கொண்டார்.)

அடுத்து கணினி. அதில் பகுதியை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் சில தடவைதான் மாற்றலாம், அதற்குப்பின் கடைசியாக வைத்த பகுதியே நிலைத்துவிடும் என்று எச்சரிக்கையும் இருந்தது. கணவர் மாற்றினார். பனி கொட்டியது, கலங்கரை விளக்கம் தெரிந்தது. "ஓடுதுங்க!" என்று அக்கா துள்ளினார். ஞாயிறு சம்பந்திக்குப் போன் போடும் முன்பு பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக வகுப்பெடுக்கப் போனார்.

தனியாக இருந்த மனிதருக்கு ஒரு ஐயம். நம் ஊர் வட்டுகள் இனி ஓடுமா? திருப்பி மாற்றிப் பார்த்தார். ஓடியது. அப்படியானால் வெளிநாட்டு வட்டு? மாற்றினார். ஓடியது. பழையபடி நம் ஊர் வட்டு? ஓடியது. அதன்பின் கணினி பூட்டிக்கொண்டது.

"ஏங்க, ஓடிட்டு இருந்ததை எதுக்கு நோண்டினீங்க?"

"லிஃப்ட்னா மேலயும் போகணும், கீழயும் வரணும். ரெண்டையும் பாக்காம எப்படி விடுறது?"

"இப்ப எங்க நிக்குது?"

"கீழ" என்றார் அவர், மெல்ல.

4

ஞாயிறு மாலை வந்தது. கூட வேலை செய்பவரிடம் எந்த நாட்டு வட்டும் ஓடும் பிளேயர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, கணவர் அதை வாங்கிவரப் போயிருந்தார். ஆள் திரும்புவதற்குள் போன் மணி அடித்தது; சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதிவைத்திருந்தேன். அக்கா உண்மையைச் சொல்கிறார், சம்பந்தியம்மா பெருந்தன்மையாக

[கிழித்துவிட்டேன். மகளின் மாமியாரிடம் "எங்க வீட்ல ஒரு டிவிடி ஓட வைக்க வக்கில்ல" என்று சொல்லும் தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?]

நடந்தது இது.

"பாத்துட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"பாக்காம இருப்பனா? நீங்க?"

"நேத்தே."



"எதிர்பாக்கவே இல்ல, இல்ல?" என்றார் அக்கா, ஆழம் பார்த்தபடி.

"அய்யோ, துளிகூட எதிர்பாக்கல."

"அந்தம்மா அழுதப்போ?"

"எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு."

கார் கற்றுக்கொள்ள வருபவர் முந்தின நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்ததாகப் புளுகினால் அக்காவுக்கு உடனே தெரிந்துவிடும். பழகிய காது. அது இப்போது விடைத்துக்கொண்டது.

"கடைசில அந்த நாய் வந்து சாட்சி சொல்லுச்சே, அது எப்படி?"

"அது என்னமா சொல்லுச்சு!" என்றார் சம்பந்தியம்மா.

அக்கா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சம்பந்தி, அதுல நாயே இல்ல."

பிறகு எழுந்த சிரிப்பில் யார் முதலில் ஆரம்பித்தார் என்பதில் இன்றுவரை இருவருக்கும் தகராறு. சம்பந்தியம்மாவுக்கு லைப்ரரியில் வட்டு கிடைத்ததாம். போட்டதும் அந்தப் பொடி எழுத்து. மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சம். "நீங்க படிச்சுக் கேட்டுட்டு, இன்னொருத்தர் படிச்சா ஒட்டல சம்பந்தி" என்றார். அக்காவும் பிளேயர், திருகாணி, கணினி என்று எல்லாவற்றையும் கொட்டினார். இனி ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்று சத்தியமே செய்துகொண்டார்கள்.

5

அப்போதுதான் கணவர் இரவல் பிளேயரோடு உள்ளே நுழைந்தார். மாட்டினார், வட்டைத் தள்ளினார். ஓடியது!

"சம்பந்தி, ஓடுது! போனை வெச்சுடாதீங்க, நான் படிக்கறேன்!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் டிவியில் படம் காட்டும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு; வெளிநாட்டு வட்டுக்கும் இந்தப் பழைய டிவிக்கும் இன்னொரு பொருத்தமும் சரியில்லை. படம் கறுப்புவெள்ளையாக வந்தது. அதுகூடப் பரவாயில்லை, பனிக்கு நிறமா முக்கியம்? திரைக்குள் படம் அடங்காமல் அடிப்பக்கம் வெட்டுப்பட்டது. எழுத்துகளின் தலைமட்டும் தெரிந்தது. தண்ணீரில் முங்கியவர்களின் கொண்டை தெரிவதுபோல. கணவர் ரிமோட்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு, டிவியைத் தூக்கிச் சாய்த்தும் பார்த்தார்.

முதலில் அக்கா சமாளித்தார். பாதி எழுத்தை வைத்து ஒரு சொல், அதைக்கொண்டு ஒரு வாக்கியம். கதை நகர்ந்து நகர்ந்து, துப்பறிபவள் எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்திவைத்த கட்டத்துக்கு வந்தது. அவள் கையை நீட்டினாள். வாய் அசைந்தது. கீழே கொண்டைகள் ஓடின. அவள் கை நீட்டிய பக்கம் நாலு பேர் நின்றார்கள்.

"யாராம் சம்பந்தி? சொல்லுங்க, யாரு?"

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா "தெரியல" என்கிறார். மறுமுனையில் இருந்த முகம் வாடுவதை நினைத்து அதை அடித்துவிட்டேன். இன்னொன்றில் வாய்க்கு வந்த ஆளைக் கொலைகாரனாக்குகிறார். சத்தியம் செய்து ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று அதையும் அடித்தேன். மூன்றாவதில் மின்சாரம் போய்விடுகிறது. அது கோழைத்தனம்.

வேறு வழியின்றி அக்காவையே கேட்டேன்.

"அது எனக்கும் சம்பந்திக்கும் நடுவுல" என்றார். "உங்களுக்கு எதுக்கு? நீங்க ரோட்டைப் பாருங்க."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்றைய பேச்சு நெடுநேரம் நீண்டது. முடிந்ததும் மகளிடமிருந்து அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. "அத்தை தனியா உக்காந்து சிரிச்சிட்டே இருக்காங்க. கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. அவங்ககிட்ட என்னம்மா சொன்ன?"

உண்மையைச் சொன்னால் இப்படிச் சிரிப்பு வருமா? பொய் சொன்னால் அதை நம்பியா இப்படிச் சிரிப்பார்கள்? எனக்கு எட்டவில்லை. வரியைப் பாதியிலேயே விடுகிறேன். இனி உங்கள் பாடு.

கிளட்ச் அக்கா திரையை ஒருமுறை பார்த்தார், போனைக் காதோடு அழுத்திக்கொண்டார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லா கேட்டுக்கோங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு,