கொடும்பாவிக்கு வைக்கல் இல்ல

மழ பொய்ச்சா எங்க ஊருல கொடும்பாவி கட்டுவாங்க. வைக்கல்ல ஆளு மாதிரி பொம்மை செஞ்சு, ஊரு பாவத்தையெல்லாம் அது மேல சொல்லி அழுது, தெருத்தெருவா இழுத்துப் போயி காஞ்ச ஏரிக்குள்ள கொளுத்தணும். எம்பத்திரெண்டுல அதுக்கும் வழியில்ல. வைக்கலுக்கே பஞ்சம். "உங்க வூட்டுல ஒரு கட்டு கெடக்குதாமே சம்பூர்ணம்"னு நாட்டாமை சிங்காரவேலு வந்து நின்னாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! ஜெயங்கொண்டம் சந்தையில அடிமாட்டு வெலைக்குக் கேட்டும் குடுக்காம வச்சிருந்த சென மாடு எங்களுது. அந்த ஒரு கட்டுதான் அதோட உசுரு. "பொம்மைக்கெல்லாம் தரமாட்டேன். வேணும்னா எங்க வூட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போங்க, வேலவெட்டி இல்லாம படுத்துதான் கெடக்குறாரு"ன்னேன்.

வாய்த்துடுக்குல சொன்னது. கயித்துக்கட்டிலோட தூக்கிட்டாங்க!

தெருமுனையில பால்காரி செல்வம்மா மாரடிச்சு அழுதா: "அடப் பாவி, பால்ல தண்ணி ஊத்துனியே!" அவரு தலையைத் தூக்கி, "அது நீதானே?"ன்னாரு. "பொணம் பேசக் கூடாது"ன்னு நாட்டாமை அதட்டினாரு. அப்புறம் அவரே ஆரம்பிச்சாரு: "வரப்ப வெட்டி வெட்டி அடுத்தவன் நெலத்தத் தின்னியே!" ஒவ்வொருத்தரா வந்து கொட்டினாங்க. நான் கூத்து பாக்கறாப்புல சிரிச்சுக்கிட்டே பின்னால போனேன்.

ஏரிக்கு வந்ததும் எறங்கச் சொன்னோம். அவரு எறங்கல. கண்ணுல தாரதாரயாத் தண்ணி. "இவ்வளவையும் ஏத்திக்கிட்டு நான் எப்படி வூட்டுக்கு வர்றது? என்னையே கொளுத்துங்க"ன்னுட்டு வானத்தைப் பாத்துக் கும்பிட்டாரு. "சாமி, செஞ்சோம். எல்லாந்தான் செஞ்சோம். கெட்ட சனமில்ல, பயந்த சனம். மன்னிச்சு வுட்டுடு." நாட்டாமை நெசமாவே மடியில தீப்பெட்டியைத் தேடுனாரு, படுபாவி!

வூட்டுக்கு ஓடி அந்தக் கட்டைத் தூக்கியாந்து, எங்க வூட்டுக்காரரு சட்டையைக் கழட்டி அதுக்கு மாட்டிவுட்டேன். சடசடன்னு எரிஞ்சு முடிஞ்சுது. மாடு கத்துனது ஏரி வரைக்கும் கேட்டுச்சு.

மழ வரல. விடிஞ்சு கதவைத் தெறந்தா வாசல் பூரா வைக்கல். இங்க ஒரு கைப்பிடி, அங்க ஒரு அரக்கட்டு. நாட்டாமை வூட்டுக் கயித்தால கட்டுனதுதான் எல்லாத்துலயும் பெருசு. அடப்பாவிங்களா, எல்லார்கிட்டயும் இருந்துச்சா! இந்த ஒண்ணை மட்டும் ஒருத்தரும் சொல்லி அழுவலயே!

தெருவுக்கே கேக்கக் கத்துனேன். ஒரு கதவும் தெறக்கல. "மாட்டுக்கு அள்ளிப் போடு சம்பூர்ணம்"னாரு அவரு. திட்டிக்கிட்டே அள்ளிப் போட்டேன். மாடு தின்னுச்சு. எனக்குத்தான் அழுகை நிக்கல.