தொரையின் பசி

குசினியில் சட்டி மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டதும், றீற்றா கையிலிருந்த ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாட்கணக்காக எதிலும் வாய் வைக்காத தொரைக்குப் பசி வந்துவிட்டது. மேடையில் ஏறி நெத்தலிப் பொரியலைத் தட்டிவிட்டிருக்கிறது. தட்டட்டும், சட்டியோடு தின்னட்டும்.

தொரை அவர்கள் வீட்டுப் பூனை. வயது பதின்மூன்று. காலையில் வளவைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பார்த்து, எதுவுமே சரியில்லை என்ற முகத்தோடு அது திரும்புகிற அழகைப் பார்த்துத்தான், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கிறகரி அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் தொரைமாரும் அப்படித்தான் மலையைச் சுற்றி வருவார்களாம்.

குசினி வாசலில் றீற்றா நின்றுவிட்டாள். தொரை ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெத்தலிச் சட்டிக்குள் கை விட்டபடி நின்றவர் அவள் கணவர் கிறகரி.

"உப்புப் பார்த்தேன்" என்றார். வாய் நிறைந்திருந்ததால் அதுவும் சரியாக வரவில்லை.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிகளில் கிறகரி காலையில் ஒரு வெறும் தேத்தண்ணி குடிப்பார். அதன் பிறகு மாலையில் கோவிலில் சிலுவைப் பாதை முடிந்து வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் மட்டுந்தான். கல்யாணமான நாளிலிருந்து றீற்றா பார்த்து வருகிறாள், காய்ச்சலில்கூட அவர் நோன்பை விட்டதில்லை. அம்பிட்டியவில் அவர்கள் பங்குக் கோவிலில் சிலுவைப் பாதை வாசிப்பவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் நண்பகலில் நெத்தலிச் சட்டியோடு நிற்கிறார்.

றீற்றா மூடியை எடுத்துக் கழுவி வைத்தாள். ஒரே வீட்டில் ஒருவர் தின்ன மாட்டேன் என்கிறார், இன்னொருவர் தின்பதை நிறுத்த மாட்டேன் என்கிறார். இதென்ன கூத்து?

அவள் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஏன், எப்படி என்று கேட்காமல் எதையும் விட மாட்டாள். தொரைக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்த அன்றும், பேராதெனிய வீதியில் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் சுதர்சினியிடம் அவள் முதலில் கேட்டது அதைத்தான். சிறுநீரகம் பழுதானால் சிறுநீர்தானே கெட வேண்டும், பசி ஏன் போகிறது?

சுதர்சினி பன்வில தோட்டத்திலிருந்து படித்து வந்த பெண். பூனை பிழைக்குமா என்று கேட்பவர்களையே பார்த்துப் பழகியவளுக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"வயிறு காலியானா கிரெலின்னு ஒரு ஹோர்மோன் ரத்தத்துல ஏறி, மூளைக்குப் போய் 'சாப்பிடு'ங்குது டீச்சர். கொழுப்புலருந்து லெப்டின்னு இன்னொண்ணு போய் 'போதும்'ங்குது. வேலை முடிஞ்சதக் கழுவி வெளிய அனுப்புறதுல சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அது தளர்ந்துட்டா, பழைய 'போதும்' எல்லாம் ரத்தத்துலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

கழிவுகள் தேங்கிக் குமட்டலும் வரும் என்றாள். மனிதர்களில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், பூனையில் இன்னும் முழுதாக நிறுவவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் றீற்றா கூடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். விலா எலும்பு தெரிகிற இந்த உடம்புக்குள், இப்போதுதான் விருந்து முடித்து எழுந்த நினைப்போடு ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு வியப்பாக இருந்தது.

சுதர்சினி கொடுத்த மருந்து ஒரு களிம்பு. காது மடலின் உட்புறம் தடவ வேண்டும், தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, மூளையில் அந்தப் 'போதும்' எடுபடாமல் தடுக்கும். கூடவே ஒரு பெட்டி கையுறையும் தந்தாள். றீற்றா காதைத் தொட்ட முதல் நாளே தொரை அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. கிறகரி தொட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காட்டும். அதனால் காலையில் அவள் தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில், முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வேலையை அவர்தான் செய்தார்.

பலன் ஒன்றும் இல்லை. அவித்த கோழி, டின் மீன், சுட்ட கருவாடு எல்லாம் வைத்துப் பார்த்தாள். அக்குறணைக்குப் போன கிறகரி அங்கிருந்து கோழி ஈரல் வாங்கி வந்தார், அதை மஞ்சள் போட்டு அவித்து வைத்தாள். தொரை மோந்து பார்த்துவிட்டு நடந்தது. மறுபடி றீற்றா வந்து பார்த்தபோது கோப்பையில் ஈரல் இல்லை. பூனைதான் தின்றது என்று ஒரு நாள் முழுவதும் சந்தோஷப்பட்டாள். பிறகு கணவரின் சட்டையில் மஞ்சள் கறையைக் கண்டாள்.

தொலைபேசியில் சொன்னபோது சுதர்சினியின் குரல் மாறியது. திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றாள். நிறை இன்னும் குறைந்திருந்தால் கழுத்து வழியாகக் குழாய் வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்தச் சிறுநீரகத்தோடு மயங்கினால் எழும்புமா என்று அவளால் உறுதி சொல்ல முடியவில்லை.

அதைக் கேட்ட பிறகு கிறகரி பேசுவதையே குறைத்துக்கொண்டார். சாப்பாட்டைக் குறைக்கவில்லை. மூன்றாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு, குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்து தின்றார். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கும்போது தூங்கி, முடிந்த பிறகும் தூங்கினார். குறட்டை கேட்டு முன்வாங்கிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீனி வியாதியாக இருக்கும் என்று றீற்றா இழுத்துக்கொண்டு போய் ரத்தம் சோதிப்பித்தாள். சீனி சரியாகவே இருந்தது.

கடைசியில் அவர், இனிக் கோவிலுக்கு வரவில்லை, சிலுவைப் பாதையை வேறு யாரையாவது வாசிக்கச் சொல் என்றார். நெத்தலியைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏன் என்று கேட்டாள், கோபித்தாள், கெஞ்சினாள். அவர் தொரையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை தராசு இரக்கம் காட்டவில்லை. தொரை இன்னும் மெலிந்திருந்தது. சுதர்சினி அதன் ஈறுகளைப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், குழாய் வைக்கிற ஆயத்தம் செய்யும்படி உதவியாளரிடம் சொன்னாள். றீற்றா தலையை ஆட்டிவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரக் கதிரையில், கையில் பாதி கடித்த மாலுபான் என்ற மீன் பனிஸோடு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துலயும் இவரால தூங்க முடியுது பாருங்க, டொக்டர்" என்றாள் கசப்போடு. "உங்க களிம்புக்குப் பசி வந்ததெல்லாம் இவருக்குத்தான்."

சுதர்சினி சிரிக்கவில்லை. தொரையின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கிறகரியையே பார்த்தாள். எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். றீற்றா யோசித்துப் பார்த்தாள். களிம்பு வந்த கிழமையிலிருந்து. சொல்லி முடிக்கும்போது அவளுக்கே குரல் இழுத்தது.

சுதர்சினி அவரை மெல்லத் தட்டி எழுப்பினாள். "அங்கிள், கையுறை போட்டுத்தானே மருந்து பூசுறீங்க?"

கிறகரி பனிஸை மறைக்கப் பார்த்து, முடியாமல் மடியில் வைத்தார். கையுறை போடவில்லை என்றார். அவர்கள் வீட்டில் அந்தோனியார் கோவில் எண்ணெய் பூசுவதென்றால் பெருவிரலால்தான், சிலுவை போட்டுத்தான். தொரைக்கும் அப்படியே களிம்பைப் பெருவிரலில் எடுத்து, அது குணமாக வேண்டுமென்று ஒரு முழுச் செபமும் சொல்லி முடியும்வரை விரலில் வைத்திருந்து, பிறகு காதில் சிலுவை போட்டார். விரலில் மிஞ்சியதைத் துடைத்து வீசுவது பாவமில்லையா? அதைத் தன் நெற்றியில் தேய்த்துக்கொண்டார். தினமும்.

பிறகு சுதர்சினி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். இந்த மருந்து முதலில் மனிதர்களுக்கானது, மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்று சிரிப்பின் இடையே சொன்னாள். அதை எடுத்தவர்களுக்குத் தூக்கமும் அகோரப் பசியும் வந்தன. அந்தப் பசிக்காகத்தான் அதைப் பூனைக்குக் கொண்டு வந்தார்கள். தொரையின் காதுக்குப் போக வேண்டியதில் பெரும்பகுதி அங்கிளின் விரலிலும் நெற்றியிலும் இறங்கியிருக்கிறது.

"அப்ப மருந்து தோத்துப்போகல?" என்று கேட்டாள் றீற்றா.

"மருந்து இன்னும் பூனைக்குப் போய்ச் சேரவேயில்ல, டீச்சர்."

குழாய் ஆயத்தம் நின்றது. சுதர்சினி கையுறை மாட்டிக்கொண்டு, களிம்பைப் பிதுக்கி, இரண்டு கையால் தொரையை அமர்த்திப் பிடித்த கிறகரியின் கண் முன்னாலேயே காதின் உட்புறம் தடவினாள். குமட்டலுக்கு ஊசியும் போட்டாள். வெளியே இருங்கள், அவசரமில்லை என்றாள்.

காத்திருக்கும் அறையில் றீற்றா கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்தது, மூடிக்கொண்டாள். அவரோ நெற்றியைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருந்தார். வீதியில் பாடசாலை வான்கள் நிரம்பிப் போகத் தொடங்கிய நேரத்தில் சுதர்சினி கதவைத் திறந்து, சத்தம் போடாமல் வரும்படி கையைக் காட்டினாள்.

கூட்டுக்குள் தொரை தட்டின் முன்னால் நின்றது. மீன் சாற்றை ஒரு தடவை நக்கியது. நிமிர்ந்து, சரியில்லை என்ற முகத்தோடு எல்லோரையும் பார்த்தது. பிறகு குனிந்து நக்கத் தொடங்கி, ஒரு துண்டைக் கவ்வித் தலையைச் சாய்த்து மென்றது.

நோய் குணமாகாது, ஆனால் இப்படிச் சாப்பிட்டால் நல்ல காலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றாள் சுதர்சினி. றீற்றா கண்ணைத் துடைத்தாள். கிறகரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய ஆளின் தெளிவு இருந்தது.

"நான் நோன்பிருக்கிற பசிய தொரைக்குக் குடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேட்டிருந்தேன், டொக்டர், அவரு அதோட பசியையும் எடுத்து எனக்கே குடுக்கவும், இன்னும் கோவிலுக்குப் போய்க் கேட்டா அதோட ஆயுசையும் எனக்கே குடுத்துருவாரோன்னு பயந்துட்டேன்."