மண்ணெண்ணெய் டின்

கால்பந்து ஆட்டத்தில் தாளம் கொட்டுவதற்குக் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று வேண்டும் என்று ஜப்பார் காலையில் வந்து கேட்டான். ரஹ்மத்துன்னிசா அடுக்களை மூலையில் கிடந்ததை எடுத்து, சாம்பல் போட்டுத் துலக்கி, துணியால் துடைத்து அண்ணனிடம் கொடுத்தாள். சாயங்காலம் இறுதி ஆட்டம். தென்காசி அணிக்கும், அவள் கணவன் பரீது ஆடும் மதுரைப் பக்கத்து மில் அணிக்கும். அண்ணன் ஊர்க்காரர்களுக்காகத்தான் கொட்டுவான். அதிலென்ன. மச்சான் கோல் போட்டால் அவருக்கும் இரண்டு தட்டு தட்டச் சொல்லி அனுப்பினாள்.

அவள் பிறந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். வருசா வருசம் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியதும் பந்தயமும் தொடங்கிவிடும். மில்லில் பரீதுக்கு வேலை கொடுத்ததே பந்துக்காகத்தான். மில் அணி வரும்போது அவளும் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டுப் பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கமில்லை. துவைகல்லில் உட்கார்ந்து சுவர் வழியாக வருவதைக் கேட்பாள். விசில், பந்து உதைபடும் சத்தம், பிறகு திடீரென்று எழுந்து அடங்கும் பெரும் கூச்சல். சொற்கள் பிரியாது. "மச்சான் கால்ல பந்து வந்தாப் போதும், கூட்டமே எந்திரிச்சிருது" என்று ஜப்பார் ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவான். அவள் அந்தக் கூச்சலையும் இந்தப் பேச்சையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். இந்தச் சீசனில் கூச்சல் போன வருசத்தைவிடப் பலமாக இருந்தது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வரும்போதும் பரீது ஒன்றைக் கேட்பான்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன. ஒங்களுக்குத்தான கத்துதாங்க" என்பாள். அவன் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டே நிற்பான். நெடுநேரம் கழுவுவான்.

கடையநல்லூரிலிருந்து மோல்மேனுக்கு யாவாரத்துக்குப் போன அவன் வாப்பா, பர்மாக்காரப் பெண்ணை அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டார். ஜப்பான் குண்டு விழுந்தபோது ஊரை நோக்கி நடந்தார்கள். வழியில் உம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வாப்பாவின் தோளில் வந்து சேர்ந்த பையனுக்கு உம்மாவின் கண்கள், உம்மாவின் மூக்கு. இரண்டு வயது மகள் சைதூனுக்கும் அதே கண்கள். சிரித்தால் கோடாகிவிடும்.

தென்காசியிலேயே ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் ஜப்பார் பரீதுக்கு வேலை பேசி வைத்திருந்தான். அடுத்த வருசம் முதல் தென்காசிக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். மில் குடியிருப்பின் ஒற்றை அறையில் பேச ஆளில்லாமல் கிடந்தவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து வேறு நினைப்பில்லை. இந்த ஊரே உங்களைத் தூக்கி வைத்து ஆடுகிறதே, உங்களுக்கு என்ன குறை என்று ஒரு வாரமாக அரித்தெடுத்தாள். அவன் பின்சுவரைப் பார்த்தபடி, இறுதி ஆட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்றான்.

இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி கூப்பிட்டாள். அவள் கம்பவுண்டர் மனைவி. அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். "ஒரு நாளாவது ஒம் மாப்பிள்ளை ஆடுததப் பாருட்டி. யாருக்குத் தெரியப்போவுது." சைதூனை உம்மாவிடம் விட்டுவிட்டு ரஹ்மத்துன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. மாடியெங்கும் பாசி. கீழே கறுப்புக் குடைகளாக ஒரு கூட்டம். நடுவில், ஈரப் புல்லில், அவள் பரீதைக் கண்டுபிடித்தாள். வீட்டில் மெதுவாக நடக்கிறவன் அங்கே வேறு ஆளாக இருந்தான். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. அவன் நடுக்கோட்டைத் தாண்டினான். டின் சத்தம் எழுந்தது. அவள் துலக்கிக் கொடுத்த டின். அதைத் தொடர்ந்து அந்தக் கூச்சல், மூன்று வருசமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் நெஞ்சில் வாங்கிய அதே கூச்சல், இப்போது சொற்களோடு வந்தது.

"சைனாக்காரன் எல்லையத் தாண்டிட்டாம்லே. சுடுங்கலே."

கல்யாணசுந்தரி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சைனாவோடு சண்டை நடந்தது போன ஐப்பசியில். யுத்த நிதிக்கு ரஹ்மத்துன்னிசாவும் ஒரு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவன் பரீதுதான்.

ஒவ்வொரு முறை அவன் கோட்டைத் தாண்டும்போதும் டின், ஒவ்வொரு முறையும் அதே சொல். சப்பை மூக்கா என்றார்கள். பீக்கிங் பஸ் கெளம்பப் போவுது, ஏறுலே என்றார்கள். குடைகளுக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களும் சிரித்தார்கள். மூலையில் பந்தை வைத்து உதைக்க அவன் குனிந்தபோது மங்குஸ்தான் பழத்து ஓடுகள் வந்து முதுகில் விழுந்தன. ஒருவன் மைதானத்து எல்லைக் கயிற்றோரம் வந்து இரண்டு விரலால் கண்களை இழுத்துக் காட்டினான். பக்கத்தில் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வாய் முழுக்கச் சிரிப்போடு ஜப்பார். அவனும் கத்திக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி அதே வாயால், கோழிக் கால் மச்சானுக்கு என்று எடுத்து வைத்தவன்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு ரஹ்மத்து. ஆம்பளைங்க வெளையாட்டுல என்னத்தையாவது கத்துவாங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

கடைசியில் பரீது கோல் போட்டான். பந்து வலைக்குள் போனதை அவள் பார்த்தாள். மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. சாரல் குடைகளில் விழுவதுகூடக் கேட்டது. துவைகல்லில் உட்கார்ந்திருந்தால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்திருப்பாள்.

கோப்பை மில்லுக்குப் போனது. பரீது வருவதற்கு முன்பே ஜப்பார் பனையோலைப் பெட்டி நிறைய மங்குஸ்தானோடு வந்துவிட்டான். தோற்ற வருத்தம் முகத்தில் இல்லை.

"என்னா கோலுட்டி. அடுத்த வருசம் மச்சான் நம்ம பக்கம். அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

"டின்னு எங்கண்ணே?"

"அது நசுங்கிட்டு. அங்கனதான் கெடக்கு. வேற ஒண்ணு வாங்கித் தாரேன்."

பரீது வந்தான். ஜப்பார் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். அந்தக் கை விழுந்த இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நாளைக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைவுபடுத்திவிட்டு அண்ணன் போனான்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றான் பரீது, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்வை அவள் காலுக்கு இறங்கியது. குதிகாலில் மாடியின் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. அவன் வாளியில் தண்ணீர் இறைத்து அவள் பாதத்தில் ஊற்றினான். பாசி போகும்வரை ஊற்றினான்.

"நீ இங்கனயே இருக்கணும்னா இருப்போம்" என்றான். "எனக்குப் பழகிட்டு."

பந்தயம் முடிந்த மறுநாள் காலை, இரண்டு அணிகளும் ஆட்டம் பார்த்தவர்களும் சேர்ந்து பெரிய அருவியில் குளிப்பது அந்த ஊர் வழக்கம். குடும்பங்களும் போயின. பெண்கள் பக்கத்தில், ஈரப் பாறையில், ரஹ்மத்துன்னிசா சைதூனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் எண்ணெய் தேய்த்த உடம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. மச்சானுக்கு இடம் விடுங்கலே என்று ஜப்பார் யாரையோ தள்ளினான். பரீது அருவிக்குள் போனான். கயிற்றோரம் கண்களை இழுத்துக் காட்டிய அந்த ஆளும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவள் தேடினாள். முகங்களின் மேல் தண்ணீர் அறைந்து விழுந்தது. மூக்குகள் அமுங்கின. தலைமயிர் நெற்றியோடு ஒட்டியது. அத்தனை பேருடைய கண்களும் இடுங்கிக் கோடாகிக் கிடந்தன.

சைதூன் கையை நீட்டி, "வாப்பா" என்று ஒருவனைக் காட்டினாள். பிறகு இன்னொருவனை.